பரம்பரைக் கணித மேதை உண்டா? பிறப்பால் வரும் பட்டத்தை ஐரோப்பா கேள்வி கேட்ட கதை

2016 ஏப்ரலில் பிரிட்டனின் மேலவையான பிரபுக்கள் சபைக்கு ஓர் இடைத்தேர்தல் நடந்தது. போட்டியிட்டவர்கள் 7 பேர். ஓட்டுப் போடும் உரிமை இருந்தவர்கள் 3 பேர். மூன்று ஓட்டும் ஒருவருக்கே விழுந்தன. வைகவுண்ட் தர்சோ என்ற பட்டக்காரர் நூற்றுக்கு நூறு ஓட்டு வாங்கி அவைக்குள் போனார். நம்மூர் கூட்டுறவுச் சங்கத் தேர்தலில்கூட இப்படி ஒரு வெற்றி கிடைக்காது. இத்தனைக்கும் முந்தைய ஆண்டுதான் பொதுமக்கள் ஓட்டுப் போட்ட தேர்தலில் அவர் தோற்றிருந்தார். மேலவை இடைத்தேர்தலில் நிற்க அப்போது அடிப்படைத் தகுதி ஒன்றே ஒன்று: குடும்பத்தின் வழியாக வந்த பிரபு பட்டம்.

இந்த இடங்களை மொத்தமாக நீக்கும் மசோதா 2024 செப்டம்பரில் பிரிட்டன் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, செய்தியைப் படித்தவர்களுக்கு இயல்பாகவே சில சந்தேகங்கள் எழுந்தன. பிரபுக்கள் சபையையே ஒழிக்கிறார்களா? அடுத்து ராஜாவா? மக்களாட்சியின் தாய்வீடு என்று பாடப்புத்தகத்தில் படித்த நாட்டில் 21ஆம் நூற்றாண்டு வரைக்கும் இது எப்படி நீடித்தது?

பதில் தேடினால் 300 ஆண்டுகள் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

முதலில் சில சொற்கள்

1. பரம்பரைப் பிரபு: டியூக், மார்க்விஸ், ஏர்ல், வைகவுண்ட், பேரன் (baron) என்று ஐந்து படிகள். பெரும்பாலான பட்டங்கள் மூத்த மகனுக்கே போகும். மகளுக்குப் போகும் பட்டங்கள் மிகச் சில. இளைய மகன்கள் சட்டத்தின் கண்ணில் சாதாரணக் குடிமக்கள்தான்.

2. ஆயுட்காலப் பிரபு: 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நியமிக்கப்படுபவர். பட்டம் அவரோடு முடிந்துவிடும், பிள்ளைக்குப் போகாது. இன்றைய பிரபுக்கள் சபையில் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்த வகை.

3. 92 பேர்: 1999ஆம் ஆண்டுச் சட்டம் பரம்பரைப் பிரபுக்களை மேலவையிலிருந்து வெளியேற்றியது. ஆனால் சமரசமாக 92 பேரை விட்டுவைத்தது. அவர்களில் ஒருவர் இறந்தாலோ விலகினாலோ மேலே சொன்ன மாதிரி இடைத்தேர்தல் நடத்துவது வழக்கமாக இருந்தது. 2024 மசோதா குறிவைத்தது இந்த மிச்சத்தைத்தான்.

4. முடியாட்சி: அது தனி விஷயம். ராஜாவை இந்த மசோதா தொடவே இல்லை.

கடைசி இரண்டும் ஏன் தனித்தனி? அறிவொளிக் காலம் என்று சொல்லப்படும் 17ஆம் நூற்றாண்டின் கடைசி முதல் 18ஆம் நூற்றாண்டு முடியும் வரையிலான காலத்தில், இந்த இரண்டு கேள்விகளையும் ஐரோப்பா வெவ்வேறு ஆட்களை வைத்துத்தான் விசாரித்தது. ‘ராஜாவுக்கு ஆளும் உரிமை எங்கிருந்து வந்தது?’ என்பது ஒரு கேள்வி. ‘ஒருவருடைய மதிப்பு ரத்தத்தின் வழியே மகனுக்கு இறங்குமா?’ என்பது இன்னொன்று. முதல் கேள்வியைத் தத்துவ ஆசிரியர்கள் வாதம் பண்ணி உடைத்தார்கள். இரண்டாவதில் அதிக வேலை செய்தவர்கள் கவிஞர்களும் நாடகக்காரர்களும் என்பது என் கணிப்பு. அந்தக் கேள்வியை வாதம் முடிக்கவில்லை, சிரிப்புதான் முடித்தது.

ஆதாமின் பிள்ளைகள்

பழைய வாதம் முட்டாள்தனமானது என்று நினைத்துவிடக் கூடாது. அது நன்றாகவே கட்டப்பட்டிருந்தது. இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ் 1610இல் நாடாளுமன்றத்தில் பேசும்போது, ராஜாக்களைத் தெய்வங்கள் என்று அழைப்பது நியாயமே என்றார். ராபர்ட் ஃபில்மர் என்பவர் இதற்கு ஒரு முழு நூலே எழுதினார். அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து 1680இல் அது அச்சானது. அவர் வாதம் இதுதான்: கடவுள் ஆதாமுக்கு உலகத்தின் மேல் தகப்பனுக்குரிய அதிகாரத்தைக் கொடுத்தார். அது மூத்த வாரிசு வழியாக இறங்கி ராஜாக்களிடம் வந்திருக்கிறது. அப்பா பேச்சை மீறலாமா? கூடாது. அப்படியானால் ராஜா பேச்சையும் மீறக் கூடாது. இதற்குத்தான் தெய்வீக உரிமைக் கோட்பாடு என்று பெயர்.

வீட்டில் அப்பாவுக்குக் கைகட்டி நின்று வளர்ந்த எவருக்கும் இது சட்டென்று புரியும். பலமும் அங்கேதான். அரசியலைக் குடும்பம் மாதிரி காட்டிவிட்டால் கேள்வி கேட்பவன் அடங்காத பிள்ளையாகத் தெரிவான்.

ஆங்கிலத் தத்துவ ஆசிரியர் ஜான் லாக் இதை உடைத்த விதம் அலாதியானது. 1689இல் வெளியான அவருடைய ஆட்சி பற்றிய இரண்டு ஆய்வுரைகளில் முதலாவது முழுக்க ஃபில்மருக்குப் பதில். நிலத்துக்கு உரிமை கோரி வந்தவரிடம் வக்கீல் தாய்ப்பத்திரம் கேட்பாரே, அப்படிக் கேட்கிறார். இரண்டாவது ஆய்வுரையின் தொடக்கத்தில் தன் முடிவுகளை அவரே சுருக்கித் தருகிறார்:

1. தகப்பன் என்ற முறையிலோ, கடவுள் நேரே கொடுத்ததாகவோ ஆதாமுக்கு உலகத்தை ஆளும் அதிகாரம் இருக்கவில்லை.

2. இருந்தது என்றே வைத்துக்கொண்டாலும், அது வாரிசுகளுக்குப் போகும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

3. போகும் என்றாலும், எந்தச் சூழலில் யார் முறையான வாரிசு என்று தீர்மானிக்கும் விதி இல்லை.

4. விதி இருந்தாலும், ஆதாமின் மூத்த கிளை எது என்ற தடமே எப்போதோ அழிந்துபோனது. இன்று எந்தக் குடும்பமும் அதைத் தன்னுடையது என்று சொல்ல முடியாது.

நான்காவது படிக்கு வரும்போது எதிராளியிடம் பேச எதுவும் மிஞ்சாது. அப்புறம் லாக் தன் கட்டடத்தைக் கட்டுகிறார்: மனிதர்கள் இயல்பில் சமமானவர்கள், ஆட்சி அவர்களுடைய சம்மதத்தால் உண்டாகிறது, நம்பிக்கையை மீறினால் ஆட்சியை மாற்றலாம்.

அவருக்கு முன்பே கவிஞர் ஜான் மில்டன் இதைச் சொல்லியிருந்தார். இங்கிலாந்து ராஜா முதலாம் சார்லஸின் தலை 1649 ஜனவரி 30இல் வெட்டப்பட்ட சில நாட்களுக்குள் அவருடைய சிறுநூல் வந்தது. எல்லா மனிதரும் சுதந்திரமாகவே பிறந்தார்கள், ராஜா என்பது அவர்கள் ஒப்படைத்த பொறுப்பு என்பது அதன் சாரம்.

இதே கருத்தை எந்த நூலையும்விடக் கூர்மையாகச் சொன்னவர் ஒரு பழைய சிப்பாய். சார்லஸை எதிர்த்துப் போரிட்ட குரோம்வெல்லின் படையில் இருந்த ரிச்சர்ட் ரம்போல்டு 1685இல் ராஜதுரோகக் குற்றத்துக்காக எடின்பரோவில் கொல்லப்பட்டார். மேடையில் நின்று அவர் சொன்னது: முதுகில் சேணத்தோடு யாரும் உலகத்துக்கு வருவதில்லை, அவன்மேல் ஏறிச் சவாரி செய்யக் காலில் பூட்ஸும் குதிமுள்ளும் மாட்டிக்கொண்டும் யாரும் வருவதில்லை. 141 ஆண்டுகள் கழித்து, 1826 ஜூன் 24இல், அமெரிக்காவின் முன்னாள் அதிபர் தாமஸ் ஜெஃபர்சன் தன் கடைசிக் காலக் கடிதம் ஒன்றில் இந்தச் சேணத்தையும் பூட்ஸையும் அப்படியே எடுத்துப் பயன்படுத்தினார். பத்து நாளில் அவர் இறந்தார். அவருடைய பண்ணையில் அப்போதும் அடிமைகள் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

லாக்கின் கணக்கும் அவ்வளவு சுத்தம் கிடையாது. அமெரிக்காவின் கரோலினா குடியேற்றத்துக்காக 1669இல் எழுதப்பட்ட அடிப்படைச் சட்டங்களில் புதிதாக ஒரு பரம்பரைப் பிரபு வர்க்கமே உருவாக்கப்பட்டது. அடிமைகள்மேல் எஜமானருக்கு முழு அதிகாரமும் தரப்பட்டது. அந்தக் குடியேற்ற உரிமையாளர்களுக்குச் செயலாளராக இருந்து, அந்த ஆவணத்தைத் தயாரிப்பதில் பங்கெடுத்தவர் லாக்.

வாசலில் விழுந்த அடி

பிரான்சில் நிலைமை இன்னும் இறுக்கம். மக்கள் மூன்று பிரிவு: முதல் பிரிவு மதகுருமார், இரண்டாவது பிரபுக்கள், மூன்றாவது மற்ற எல்லோரும். ‘தாய்’ (taille) எனப்பட்ட முக்கிய நேரடி வரியிலிருந்து முதல் இரண்டு பிரிவினருக்குப் பெரும்பாலும் விலக்கு. இன்னொரு விசித்திர விதியும் உண்டு. பிரபு ஒருவர் கடை வைத்தாலோ கைத்தொழில் செய்தாலோ அவருடைய பிரபுத்தனமே பறிபோகலாம். உழைத்தால் கௌரவம் போய்விடும் என்பது பேச்சுக்குச் சொன்னதல்ல, சட்டமாகவே இருந்தது.

1726ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வால்டேர் பாரிஸின் புகழ்பெற்ற கவிஞர், நாடக ஆசிரியர். வயது 31. அப்பா நோட்டரியாக வேலை பார்த்தவர். ரோஹான் என்ற பெரிய குடும்பத்துப் பிரபு ஒருவரோடு அவருக்கு வாய்த்தகராறு வந்தது. சில நாள் கழித்து டியூக் ஒருவர் வீட்டில் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த வால்டேரை, யாரோ பார்க்க வந்திருக்கிறார்கள் என்று வாசலுக்குக் கூப்பிட்டார்கள். வெளியே வந்தவரை வேலையாட்கள் தடியால் அடித்தார்கள். ரோஹான் தன் வண்டியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். வால்டேர் உள்ளே ஓடிப்போய் விருந்து கொடுத்த டியூக்கிடம் முறையிட்டார். டியூக் உதவ மறுத்தார். இத்தனை நாள் அவருடைய நகைச்சுவைக்குக் கைதட்டிய யாரும் அவர் பக்கம் நிற்கவில்லை.

கதை அதோடு முடியவில்லை. வால்டேர் வாள் பயிற்சி எடுத்து, ஒற்றைக்கு ஒற்றை மோதத் தயாரானார். ரோஹான் குடும்பம் ராஜாவிடமிருந்து முத்திரைக் கடிதம் வாங்கிவிட்டது. விசாரணை, தீர்ப்பு எதுவும் இல்லாமல் ராஜாவின் கையெழுத்தை வைத்தே ஒருவரைச் சிறையில் போடும் உத்தரவு அது. அடித்தவர் வெளியே, அடிவாங்கியவர் பாஸ்டில் சிறையில். நாட்டைவிட்டுப் போகச் சம்மதித்ததால்தான் வால்டேரை விட்டார்கள்.

அவர் போனது இங்கிலாந்துக்கு. 1727இல் ஐசக் நியூட்டனின் இறுதிச்சடங்கு நடந்தபோது அவர் லண்டனில் இருந்தார். படிப்பறிவில்லாத விவசாயியின் மகனாகப் பிறந்த ஒரு விஞ்ஞானியின் சவப்பெட்டியை டியூக்குகளும் ஏர்ல்களும் பிடித்துவந்த சடங்கு அது. குடிமக்களுக்கு நன்மை செய்த ராஜாவைப் போல நியூட்டனை அடக்கம் செய்தார்கள் என்று வால்டேர் பின்னால் ஒரு நூலில் எழுதினார். ராஜா காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார், எத்தனை மணிக்குப் படுக்கிறார் என்று சரியாகத் தெரிந்துவைத்திருக்கும் பவுடர் பூசிய பிரபு ஒருபுறம், தன் அலுவலகத்தில் உட்கார்ந்தபடி உலகத்தோடு வியாபாரம் செய்யும் வணிகர் மறுபுறம்: நாட்டுக்கு யார் அதிகம் உதவி என்று அதே நூலில் கேட்டார். 1734இல் பாரிஸ் நீதிமன்றம் அந்த நூலை எரிக்க உத்தரவிட்டது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவ்வளவு அடிபட்ட வால்டேர் முடியாட்சியை எதிர்க்கவில்லை. பிரஷ்ய ராஜா இரண்டாம் பிரெடரிக்கின் அரண்மனையில் தங்கினார், ரஷ்யாவின் கேத்தரினோடு கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். பிரெஞ்சுச் சிந்தனையாளர் மான்டெஸ்கியூ தானே பேரன் (baron) பட்டம் உள்ள ஒரு பிரபு. 1748இல் வந்த அவருடைய சட்டங்களின் ஆன்மா பற்றிய நூல், ராஜா கொடுங்கோலனாகாமல் தடுக்க நடுவில் பிரபுக்கள் தேவை என்று வாதாடுகிறது. அறிவொளிக்காரர்கள் எல்லோரும் ராஜாவுக்கும் பிரபுவுக்கும் எதிரி என்ற பொதுவான நினைப்பு தவறு. ஒருவர் ராஜாவை வைத்துப் பிரபுவை அடக்கப் பார்த்தார், இன்னொருவர் பிரபுவை வைத்து ராஜாவை.

பிரெஞ்சுத் தத்துவ ஆசிரியர் திதரோவின் வழி வேறு. அவர் லாங்ர் ஊரில் கத்தி செய்யும் கொல்லரின் மகன். 1751இல் வெளியான கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதியில் அரசியல் அதிகாரம் பற்றி அவர் எழுதிய கட்டுரை, ‘மற்றவர்களை ஆளும் உரிமையை எந்த மனிதனும் இயற்கையிடமிருந்து பெறவில்லை’ என்று தொடங்குகிறது. அடுத்த ஆண்டே முதல் இரண்டு தொகுதிகளுக்குத் தடை வந்தது. எனக்கு அந்த வரியைவிடப் படத்தொகுதிகள்தான் பெரிய கலகமாகத் தெரிகின்றன. மொத்தம் 11 தொகுதிகள். குண்டூசி செய்பவர், தோல் பதனிடுபவர், கத்தி செய்பவர் என்று ஒவ்வொரு பட்டறையையும், அங்கிருக்கும் ஒவ்வொரு கருவியையும் பெயர் போட்டு, எண் போட்டு வரைந்திருக்கிறார்கள். கையால் வேலை செய்வது இழிவு என்று சட்டம் சொன்ன நாட்டில், பட்டறைக்காரர்களை விலையுயர்ந்த புத்தகத்தின் முழுப் பக்கத்துக்குக் கொண்டுவந்தார் கத்திக் கொல்லரின் மகன்.

ரூசோ இவர்கள் எல்லோரையும் தாண்டிப் போனார். ஜெனீவாவின் கடிகாரக்காரர் மகன், இளம் வயதில் பணக்கார வீட்டில் சீருடை போட்ட வேலைக்காரனாக இருந்தவர். 1755இல் வெளியான சமமின்மை பற்றிய நூலில், ஒரு துண்டு நிலத்துக்கு வேலி போட்டு ‘இது என்னுடையது’ என்று முதலில் சொன்னவனிடம் போய் நின்றார். பட்டம் மட்டும் பிரச்சினையில்லை, சொத்தும் பிரச்சினைதான் என்ற அந்த வாதம் மற்ற தத்துவ நண்பர்களுக்கே கசந்தது.

நாய்க் கழுத்துப் பட்டையும் தங்கக் காசும்

அறிவாளிகளின் நூல்களைப் படித்தவர்கள் கொஞ்சம் பேர். பாட்டும் நாடகமும் படிக்காதவர் காதுக்கும் போகும். நான்கு உதாரணங்கள் பார்க்கலாம்.

1. டேனியல் டீஃபோ, 1701. இங்கிலாந்தின் ராஜாவாக இருந்த மூன்றாம் வில்லியம் டச்சுக்காரர். ‘அந்நியன் நம்மை ஆளலாமா’ என்று ஆங்கிலேயர் சிலர் முணுமுணுத்தார்கள். டீஃபோ ஒரு நீளமான அங்கதப் பாட்டு எழுதினார். நீங்கள் கும்பிடும் பழைய பிரபு குடும்பங்களே நார்மன் படையெடுப்பில் வந்த சிப்பாய்களின் வாரிசுகள்தானே, இதில் யார் சுத்தமான ஆங்கிலேயர் என்று கேட்டார். குடும்பப் பெருமை என்பது மொத்தமும் ஏமாற்று, சொந்தக் குணம்தான் ஒருவரைப் பெரியவராக்கும் என்று முடித்தார். பாட்டு பரபரப்பாக விற்றது.

2. அலெக்சாண்டர் போப், 1730கள். வேல்ஸ் இளவரசர் பிரெடரிக்குக்குக் கவிஞர் ஒரு நாய்க்குட்டி பரிசளித்தார். கழுத்துப் பட்டையில் இரண்டு வரி பொறித்திருந்தார்: ‘கியூ அரண்மனை இளவரசரின் நாய் நான். சொல்லுங்கள் ஐயா, நீங்கள் யாருடைய நாய்?’ குனிந்து படிக்கப்போவது யார்? அரண்மனையைச் சுற்றிவரும் பிரபுக்கள்தான்.

3. பொமார்ஷே, 1784. ஃபிகரோவின் திருமணம் என்ற நாடகத்தில் வேலைக்காரன் ஃபிகரோ கட்டிக்கொள்ளப்போகும் பெண்மேல் அவனுடைய எஜமானர் கண்வைக்கிறார். ஐந்தாம் அங்கத்தில் ஃபிகரோ இருட்டில் தனியாக நின்று பேசுகிறான். பெரிய பிரபு என்பதால் தன்னைப் பெரிய மேதை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்தஸ்து, செல்வம், பதவி, இத்தனைக்கும் நீங்கள் செய்தது என்ன? பிறக்கும் சிரமத்தை எடுத்துக்கொண்டீர்கள், அவ்வளவுதான். கையெழுத்துப் பிரதியை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பதினாறாம் லூயி, இதை மேடையேற்றினால் ஆபத்தில்லை என்று சொல்ல முதலில் பாஸ்டில் சிறையை இடிக்க வேண்டும் என்று கொதித்தார். ராணியின் பணிப்பெண் தன் நினைவுக்குறிப்பில் எழுதிவைத்திருக்கும் செய்தி இது. நாடகம் கடைசியில் ஏப்ரல் 27இல் மேடையேறியது. கைதட்டியவர்களில் பிரபுக்கள் ஏராளம். தங்களைத்தான் சொல்கிறான் என்பது அவர்களுக்கு உறைத்ததா என்று தெரியவில்லை. ஐந்தே ஆண்டில் பாஸ்டில் விழுந்தது. 1786இல் மொசார்ட் இதை இசைநாடகமாக்கியபோது வசனம் எழுதியவர் அந்த இருட்டுப் பேச்சை வெட்டிவிட்டுப் பெண்களைத் திட்டும் பாட்டை வைத்தார். பிரபுவைத் திட்டினால்தானே தணிக்கை வரும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கடிகாரக்காரர் மகனாகிய பொமார்ஷேயே ஒரு பிரபுதான். பிரான்சில் சில அரசுப் பதவிகளைக் காசு கொடுத்து வாங்கலாம், பதவியோடு பிரபுத்தனமும் வரும். 1761இல் ராஜாவின் செயலாளர் பதவியை வாங்கினார். வழக்கு ஒன்றில் எதிராளி அவருடைய குலத்தைக் குத்திக்காட்டியபோது, என் பிரபுத்தனத்தை யாரும் மறுக்க முடியாது, ரசீது வைத்திருக்கிறேன் என்று எழுதினார். பணம் இருந்தால் நுழையலாம் என்ற இந்த வாசலையும் அதே காலத்தில் இன்னொரு பக்கம் இறுக்கினார்கள். படையில் நேரடியாக அதிகாரியாகச் சேர நான்கு தலைமுறை பிரபுத்தனத்துக்குச் சான்று வேண்டும் என்று 1781இல் ஒரு விதி வந்தது. கருத்துலகம் ஒரு திசையிலும் சட்டம் எதிர்த்திசையிலும் போய்க்கொண்டிருந்தன.

4. ராபர்ட் பர்ன்ஸ், 1795. ஸ்காட்லாந்தில் குத்தகை விவசாயி வீட்டில் பிறந்தவர். அப்போது டம்ஃப்ரீஸ் ஊரில் கலால் வரி அதிகாரி. அரசுச் சம்பளம். பிரெஞ்சுப் புரட்சிக்கு ஆதரவாகப் பேசுகிறார் என்று 1792இல் புகார் போய், மேலிடம் விசாரித்தது. பர்ன்ஸ் பதறிப்போய்த் தன் விசுவாசத்தை விளக்கிக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு தாமஸ் மியூர் என்ற ஸ்காட்லாந்து வக்கீலுக்கு, தடைசெய்யப்பட்ட நூல்களைப் பரப்பியது உள்ளிட்ட குற்றங்களுக்காக 14 ஆண்டு நாடுகடத்தல் தண்டனை விதித்தார்கள். இந்தச் சூழலில்தான் பர்ன்ஸ் எழுதிய பாட்டு பெயரில்லாமல் ஒரு கிளாஸ்கோ பத்திரிகையில் வந்தது.

அதில் ஒரு வரி: பதவி என்பது கினிக் காசின் முத்திரைதான், மனிதன்தான் தங்கம். கினி என்பது அன்றைய பொற்காசு, 21 ஷில்லிங் மதிப்பு. ஒருபுறம் ராஜாவின் தலை பொறித்திருக்கும். கையில் வைத்துப் பாருங்கள்: முத்திரை தேய்ந்தாலும் உருக்கினாலும் தங்கம் தங்கம்தான். முத்திரை போட்டதால் அது தங்கமாகவில்லை, தங்கமாக இருந்ததால்தான் முத்திரை போட்டார்கள். அப்படியென்றால் பித்தளையில் முத்திரை குத்தினால்? அதைப் பாட்டு சொல்லாமல் விடுகிறது, கேட்பவர் சொல்லிக்கொள்வார். ராஜாவால் ஒருவனை மார்க்விஸாக, டியூக்காக ஆக்க முடியும், நேர்மையான மனிதனை ஆக்குவது அவர் சக்திக்கு அப்பாற்பட்டது என்று இன்னொரு இடத்தில் வருகிறது. இது கவிதையே இல்லை, எதுகை போட்ட இரண்டு மூன்று உரைநடைக் கருத்துகள் என்று பர்ன்ஸ் ஒரு கடிதத்தில் அடக்கமாகச் சொன்னார். அந்த உரைநடைக் கருத்துகளை எங்கே படித்தார் என்று அன்றைய வாசகர் பலரும் ஊகித்திருப்பார்கள்.

கணித மேதை வாதம்

அந்த உரைநடை தாமஸ் பெய்னுடையது. பெண்கள் உள்ளே அணியும் இடுப்புக்கச்சை தைப்பவரின் மகன், தானும் அதே தொழில் கற்றவர். பர்ன்ஸைப் போலவே கலால் அதிகாரியாக இருந்து, இரண்டு முறை வேலையிலிருந்து நீக்கப்பட்டவர். 1776 ஜனவரியில் பிலடெல்பியாவில் வெளியான அவருடைய சிறுநூல், லாக்கைப் போல ஆதாமிடம் போகவில்லை. நேரே இங்கிலாந்து ராஜவம்சத்தின் தொடக்கத்துக்குப் போனது: ஆயுதக் கொள்ளைக்கூட்டத்தோடு வந்திறங்கிய, முறைதவறிப் பிறந்த ஒரு பிரெஞ்சுக்காரன், மக்கள் சம்மதமில்லாமல் ராஜா ஆனான். இதில் தெய்வீகம் எங்கே இருக்கிறது? பரம்பரை ஆட்சியை இயற்கையே ஏற்கவில்லை, ஏற்றிருந்தால் சிங்கத்துக்குப் பதிலாக இத்தனை முறை கழுதையைக் கொடுத்து அதைக் கேலிக்கூத்தாக்கியிருக்காது என்றார்.

பிரெஞ்சுப் புரட்சி வந்ததும் பிரிட்டன் நாடாளுமன்ற உறுப்பினர் எட்மண்ட் பர்க் 1790இல் பரம்பரையை ஆதரித்து எழுதினார். அவருடைய வாதத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். சமுதாயம் என்பது இன்று இருப்பவர்களுக்குள் மட்டும் நடக்கும் வியாபாரக் கூட்டு கிடையாது. இறந்தவர்கள், வாழ்பவர்கள், பிறக்கப்போகிறவர்கள் எல்லோருக்கும் இடையிலான பந்தம். சொத்து வருவதுபோலவே உரிமைகளும் முன்னோரிடமிருந்து வந்தால்தான் பத்திரமாக இருக்கும், ஒரே நாளில் அறிவை வைத்து எல்லாவற்றையும் புதிதாகக் கட்டினால் ரத்தம்தான் ஓடும். ரத்தம் ஓடவும் செய்தது.

மனித உரிமைகள் பற்றி 1791, 1792இல் இரு பாகங்களாக வந்த பெய்னின் பதில் நூலில்தான் இந்தக் கட்டுரைக்குத் தலைப்புக் கொடுத்த வரி இருக்கிறது. பரம்பரையாகச் சட்டம் இயற்றுபவர் என்ற எண்ணம் பரம்பரை நீதிபதி, பரம்பரை ஜூரி என்பதைப் போலப் பொருந்தாதது. பரம்பரைக் கணித மேதை, பரம்பரை ஞானி என்பதைப் போல அபத்தமானது. பரம்பரை அரசவைக் கவிஞர் என்பதைப் போலச் சிரிப்புக்கிடமானது. இறந்தவர்கள் உயிரோடிருப்பவர்களை ஆள முடியாது என்பது பர்க்குக்கு அவர் சொன்ன நேரடி பதில்.

இந்த நூலுக்காக 1792 டிசம்பரில் லண்டனில் அவர் இல்லாமலேயே வழக்கு நடத்திக் குற்றவாளி என்று தீர்த்தார்கள். அப்போது அவர் பிரெஞ்சு தேசிய மாநாட்டின் உறுப்பினர். அங்கே பதினாறாம் லூயியைக் கொல்லக் கூடாது என்று ஓட்டுப் போட்டார். பரம்பரை ஆட்சியை இவ்வளவு வெறுத்தவர் ராஜா என்ற மனிதனின் உயிருக்காகப் பேசினார், 1793 கடைசியில் பாரிஸ் சிறைக்கும் போனார். அரை நூற்றாண்டு கழித்துப் புனேயில் ஜோதிராவ் பூலே என்ற இளைஞர் இந்த நூலைப் படித்தார். பிறப்பால் உயர்வு தாழ்வு என்ற கேள்வி அங்கே ராஜாவைவிட்டுச் சாதிமேல் பாய்ந்தது.

எங்கே எவ்வளவு மாறியது

பிரான்சில் 1789 ஆகஸ்ட் 4 இரவு, நிலப்பிரபுத்துவச் சலுகைகளைத் தேசிய சபை ஒழித்தது. மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் பிரிவு, சமூக வேறுபாடுகள் பொது நன்மையின் அடிப்படையில் மட்டுமே இருக்கலாம் என்றது. 1790 ஜூன் 19இல் பரம்பரைப் பிரபுத்துவமே சட்டத்திலிருந்து போனது. 1808இல் நெப்போலியன் புதிய பிரபுக்களை உண்டாக்கிக்கொண்டார், அது வேறு கதை.

அமெரிக்க அரசியல் சட்டம் பிரபு பட்டம் வழங்குவதைத் தடைசெய்தது. நம் அரசியல் சட்டத்தின் 18ஆவது பிரிவும் அதே வழிதான்: படை, கல்வி சார்ந்தவை தவிர எந்தப் பட்டத்தையும் அரசு வழங்கக் கூடாது. முன்னாள் மன்னர்களுக்கான மானியமும் அவர்களுக்கான அங்கீகாரமும் 1971இல், 26ஆவது திருத்தத்தோடு போயின.

பிரிட்டன் உடைக்கவில்லை, காற்றை மெல்ல இறக்கியது. 1911இல் பிரபுக்கள் சபையின் அதிகாரத்தைச் சுருக்கினார்கள், 1958இல் வாரிசில்லாப் பட்டத்தைக் கொண்டுவந்தார்கள், 1999இல் 92ஆகக் குறைத்தார்கள். ஒவ்வொரு முறையும் மீதியை அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டார்கள். ‘ஏன் இவ்வளவு காலம்?’ என்ற கேள்விக்குப் பதில் இந்த வழக்கம்தான். அதிகாரம் போன பட்டத்தின்மேல் யாருக்கும் பெரிய கோபம் இல்லை, கோபம் இல்லாததால் அவசரமும் இல்லை.

விடுபட்டவர்கள்

மேலே பார்த்தவர்களில் பலர் கேட்ட கேள்வியைத் தங்களுக்கு வசதியான இடத்தில் நிறுத்திக்கொண்டார்கள். பர்ன்ஸ் 1786இல் ஜமைக்காவின் அடிமைத் தோட்டத்துக்குக் கணக்கெழுதப் போகத் தயாராக இருந்தார். கவிதைத் தொகுப்பு நன்றாக விற்றதால் போகவில்லை. ரூசோவின் சமத்துவத்தில் பெண்ணுக்கு இடம் வீட்டுக்குள்தான். ஆங்கில எழுத்தாளர் மேரி உல்ஸ்டன்கிராஃப்ட் 1792இல் அந்த இடத்தில் கை வைத்தார்: ராஜாக்களின் தெய்வீக உரிமையைப் போலவே கணவர்களின் தெய்வீக உரிமையையும் இந்த அறிவொளிக் காலத்தில் ஆபத்தில்லாமல் எதிர்க்கலாம் என்று நம்புவோம் என்றார். ஃபில்மரின் ராஜா அப்பாவைப் போல என்றால், அப்பாவுக்கு அந்த அதிகாரம் யார் கொடுத்தது என்ற கேள்வியை லாக் பாதிதான் கேட்டிருந்தார். ஹெய்தியில் 1791இல் எழுந்த அடிமைகள் யாருடைய நூலுக்காகவும் காத்திருக்கவில்லை. 1804இல் தனி நாடே ஆனார்கள்.

1999 ஜூலை 1இல் எடின்பரோவில் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் திறக்கப்பட்டது. ராணி இரண்டாம் எலிசபெத் வந்திருந்தார். விழாவில் பாடகி ஷீனா வெலிங்டன் வாத்தியம் எதுவும் இல்லாமல் பர்ன்ஸின் அந்தப் பாட்டைப் பாடினார். பிரபு என்று கூப்பிடப்படும் அந்தத் துடுக்குப் பயல் நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறானே, அவன் முட்டாள்தான் என்ற அடி ராணி உட்கார்ந்திருந்த அவையில் ஒலித்தது. கடைசிக் கண்ணியில் உறுப்பினர்களும் சேர்ந்து பாடினார்கள். நான்கு மாதம் கழித்து, நவம்பர் 11இல், பரம்பரைப் பிரபுக்களை வெளியேற்றும் சட்டத்துக்கு அதே ராணியின் ஒப்புதல் கிடைத்தது. 92 பேர் நீங்கலாக.